அரை யூனிட் பொய்

“அப்பா, மரியாதையா உண்மையைச் சொல்லிடுங்க. இன்னிக்கு எங்கே போனீங்க?”

மின்சார சைக்கிளின் ஹேண்டில்பாரில் ஐந்து சார்ஜ் கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. மகளுக்கு மின்சார மீட்டர்களைச் சோதிக்கும் வேலை. மதிய இடைவேளையில் அப்பா அம்மாவை எட்டிப் பார்த்துவிட்டுப் போக வந்தவள், அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“லைப்ரரிக்குத்தாம்மா. போக ரெண்டு கிலோமீட்டர், வர ரெண்டு கிலோமீட்டர்,” என்றார் அப்பா.

மூன்று மாதத்துக்கு முன்புதான் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் ஓட்டக்கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு.

“நேத்து சாயங்காலம் ஃபுல் சார்ஜ் ஏத்தினதே நான்தான். பேட்டரி முப்பத்தாறு வோல்ட், பதினாலு ஆம்பியர்-ஹவர். ரெண்டையும் பெருக்குங்க.”

“எனக்கு எங்கேம்மா அதெல்லாம்...”

“ஏறக்குறைய ஐந்நூறு வாட்-ஹவர். வீட்டு மீட்டர் கணக்குல அரை யூனிட். அஞ்சு கோட்டுல நாலு காலி, அதாவது நானூறு. மெதுவா மிதிச்சுக்கிட்டே போனா கிலோமீட்டருக்குப் பத்து. லைப்ரரிக்கு நாப்பது போதும். மிச்சம் முந்நூத்தறுபதை யார் குடிச்சது?”

அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “மோட்டாரே இருநூத்தம்பது வாட்டாச்சே! அது குடிச்சிருக்கும்.”

“வாட் வேற, வாட்-ஹவர் வேறப்பா. வாட்டுன்னா எவ்வளவு வேகமா குடிக்குதுங்கறது. வாட்-ஹவர்னா மொத்தம் எவ்வளவு குடிச்சுதுங்கறது. கால் மணி நேரம் முழு மூச்சா ஓடினாலும் அறுபத்தி மூணைத் தாண்டாது.”

“எதிர்காத்து.”

“திரும்பி வரும்போது?”

“காத்தும் திரும்பிடுச்சு.”

“நல்லாக் கேளுடி! வாயைத் திறந்தாலே பொய்!” உள்ளே சோபாவிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். அவள் முட்டிமேல் வெந்நீர்ப் பை இருந்தது. மூட்டு வலி. மாடிப்படிகூட ஏறக்கூடாது என்று மகள் தடை போட்டிருந்தாள்.

அப்பா அம்மாவை ஒரு தரம் பார்த்தார். “விளக்கை அணைக்க மறந்துட்டேம்மா.”

“அது மூணு வாட் விளக்கு. காலையிலேர்ந்து ஆறு மணி நேரம் எரிஞ்சாலும் பதினெட்டுதான்.”

“அணைக்கட்டுக்குத்தான் போயிருப்பார்,” என்று அம்மா எடுத்துக் கொடுத்தாள்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். “ஆமாம்மா. அணைக்கட்டுக்குத்தான்.”

“இருபதும் இருபதும் நாப்பது. நானூறு வாட்-ஹவர். இப்போ கணக்கு சரியா வருது.” மகளின் குரல் உடைந்தது. “ஆஸ்பத்திரி வராந்தாவுல ராத்திரி பூரா நான் உட்கார்ந்திருந்தது அதுக்குள்ள மறந்துபோச்சு, இல்லே?”

அப்பாவுக்கு என்னவோ போலாகிவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா பலமாக இருமினாள். வாயை மூடிக்கொண்டார்.

மகள் பேட்டரிச் சாவியை உருவி, நேராக உள்ளே போய் அம்மாவின் கையில் திணித்தாள். “இது உன்கிட்டயே இருக்கட்டும். இவர் தலைகீழா நின்னாலும் குடுக்காதே.”

“மூச்! கண்ணுலகூடக் காட்டமாட்டேன்.”

மகளின் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பிச் சத்தம் தேய்ந்தது. அம்மா வெந்நீர்ப் பையை ஓரமாக வீசிவிட்டுத் துள்ளி எழுந்தாள்.

“பாவம்ங்க நீங்க! லைப்ரரிக்கு நடந்துதான் போனேன்னு கடைசி வரைக்கும் வாயைத் திறக்கலையே,” என்று சாவியை விரலில் சுழற்றினாள். “சட்டுனு சார்ஜ் போடுங்க. நாளைக்கு அணைக்கட்டைத் தாண்டி அருவி வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்!”