ஓசித் துணை

விமான நிலைய வாசலில் மாமி மூச்சு வாங்கியபடி வருவதைக் கண்டதும் ஜனார்த்தனுக்கு வாயெல்லாம் பல். தான் கொண்டுபோன பெரிய குளிர்க் கோட்டை அவரிடம் நீட்டிவிட்டு, அவரின் மகளான, நிறைமாதமாக நின்ற தன் மனைவி துர்க்காவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"டூலாவாம் டூலா. பிள்ளை பெறேக்க பக்கத்தில நிண்டு முதுகு தடவ ஒருத்தி, அதுக்கு எங்கட கைக்காசு. ஹெல்த் கார்டில டொக்டருக்குக் குடுக்கிறாங்கள், மருத்துவிச்சிக்கும் குடுக்கிறாங்கள். உவைக்கு ஒரு சதமும் இல்லை. தேவையில்லாத வேலை எண்டு கவர்ன்மென்ருக்கே தெரியும்."

அவனுக்கு மிசிசாகாவில் இரவு வேலை. தனியே இருக்கும்போது வலியெடுத்தால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் துர்க்கா, மல்வேர்னில் இருக்கும் டூலா றோஸ்மேரியைத் துணைக்குக் கேட்டு வைத்திருந்தாள். அவனோ மாமிக்கு விசிற்றர் விசா எடுத்தான். அவருக்கு வர ஏலுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அம்மாவுக்கு ஹெல்த் கார்ட் கிடைக்காதே," என்று அவள் அப்போதே சொன்னாள்.

"அவவென்ன வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில கிடக்கவே வாறா?" என்றான்.

வீட்டில் அன்னாசியை வெட்டி வைத்தான். துர்க்கா தொடமாட்டாள் என்பதால் தட்டை மாமியின் பக்கம் தள்ளினான்.

"எனக்கும் வேண்டாம் தம்பி," என்று கோட்டைக் கழற்றாமலே மாமி தட்டை விலக்கினார். வந்து இறங்கமுதலே பவுசைப் பார் என்று அவன் மனதுக்குள் இளித்தான்.

"மாமி, ஆஸ்பத்திரியில நிக்கிறது, பத்தியச் சரக்குக் காய்ச்சிக் குடுக்கிறது, இரவில பிள்ளை அழுதால் எழும்புறது எல்லாம் இனி உங்கட பாடு. நான் வேலைக்குப் போறவன்."

பதினெட்டு வயதில் துர்க்காவைப் பெற்ற அந்த மனிசி, கூலிக்கு வந்தவள்போலத் தலையைக் குனிந்தார். துர்க்கா தாயின் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

அவன் உடனே றோஸ்மேரிக்குப் போன் எடுத்தான்.

"நீங்கள் வரத் தேவையில்லை. உங்களைவிட நல்லாப் பாக்கிற ஆள் ஓசியில வந்து இறங்கியிருக்கு."

கதவு திறந்தது. துர்க்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவன் அவளிடம் முன்பு கண்டதில்லை.

"போனை வையாதேங்கோ. றோஸ்மேரி அக்காவைக் கட்டாயம் வரச் சொல்லுங்கோ. அம்மாவுக்கும் வயித்தில ஆறு மாசமாம்."