அவோரித்தா

“அவோரித்தா எண்டால் என்ன, பிள்ளை?” குலசிங்கம் மகளின் போனை எட்டிப் பார்த்தார்.

நிருஜா போனை அவர் பக்கம் திருப்பினாள். “ஸ்பானிஷ் அப்பா. மத்தேயோ அனுப்பியிருக்கிறார். ‘இப்ப’ எண்டு அர்த்தம்.”

“இப்ப எண்டால் ஆள் எங்க?”

“‘கொஞ்சத்தில’ எண்டும் சொல்லலாம். ‘பிறகு’ எண்டும்...” அவள் குரல் இறங்கியது.

“வராமல் விடுறதுக்கும் அதைத்தான் சொல்லுவினமோ?”

சொல்வார்கள்தான். பெண் கேட்டு வரும் நாளில் அதை எந்த மகள் வாய்விட்டுச் சொல்வாள்?

“நீங்கள் எல்லாத்துக்கும் ‘பாப்பம்’ எண்டுறனீங்கள், அதுமாதிரியாக்கும்,” என்றார் மனைவி செல்வநாயகி, குசினி அடுப்படியிலிருந்து.

உண்மைதான். கொலம்பியாக்காரப் பையன் என்றதும், ஒரு வருடமாகப் ‘பாப்பம்’ என்றே இழுத்தடித்தவர் குலசிங்கம். மகளின் முகம் வாடுவது பொறுக்காமல்தான் இறங்கி வந்தார். கொலம்பியாவிலிருந்து வந்திருக்கும் தாயைக் கூட்டிக்கொண்டு பையன் சனிக்கிழமை வரட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து ஓக்லாந்துக்கு வருவித்த சுவர்க் கலண்டரில் ராகுகாலம் பத்தரைக்கு முடிந்தது. பத்தே முக்காலுக்கு வரச் சொன்னார்.

இப்போது பதினொன்று தாண்டிவிட்டது. வேட்டியை இறுக்கினார், தளர்த்தினார். சன்னலுக்கும் சோபாவுக்குமாய் நடந்தார். வடை ஆறிப்போயிருந்தது.

“சந்தியில, டெய்ரிக் கடையடியில ஒரு நீலக் கார் கனநேரமா நிக்குது,” என்றார் செல்வநாயகி.

“இந்த ஹென்டர்சன் ஏரியாவில நிக்கிற காரையெல்லாம் எண்ணிக்கொண்டிரும்! பன்னிரண்டு வரைக்கும்தான் பாப்பன். பிறகு இந்த வீட்டில அவன்ர கதையே இருக்கக் கூடாது.”

நிருஜாவுக்கு அழுகை முட்டியது. எங்கே நிற்கிறீர்கள் என்று மறுபடி எழுதிக் கேட்டாள். அதே பதில்தான் வந்தது: அவோரித்தா.

ஒருவழியாய் மணி அடித்தது. குலசிங்கம் பாய்ந்து போய்க் கதவைத் திறந்தார். “மணி என்னெண்டு தெரியுமோ தம்பி?”

வியர்வையில் நனைந்து நின்ற மத்தேயோவும் தாயும் கைகூப்பினார்கள்.

“மன்னியுங்கள் அங்கிள்,” என்றான் அவன் ஆங்கிலத்தில். “நீங்கள் ராகுகாலம் பார்ப்பீர்கள் என்று நிருஜா சொல்லியிருந்ததால், காலையில் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். ராகுகாலம் ஊருக்கு ஊர் மாறும் என்றார் ஐயர். இங்கே சூரியன் உதிக்கும் நேரம் வேறு, கோடையில் மணிக்கூட்டையும் முன்னுக்குத் தள்ளியிருக்கிறது. ஓக்லாந்தில் இன்றைக்குப் பதினொன்றே முக்காலுக்குத்தான் முடிகிறதாம். கெட்ட நேரத்தில் உங்கள் வாசலை மிதிக்கக் கூடாதென்று சந்தியில் காருக்குள்ளேயே இருந்தோம்.”

குலசிங்கம் திரும்பிக் கலண்டரைப் பார்த்தார்.

“ஐயோ, அப்ப நாங்கள் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சினது, இவளுக்கு அ, ஆ எழுத ஏடு துவக்கினது...” செல்வநாயகி வாயில் கைவைத்தார். “எல்லாம் ராகுகாலத்திலயே?”

குலசிங்கம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“பிள்ளை, முதல்ல அந்தக் கலண்டரைக் கழட்டு,” என்றார். “கலியாணத்துக்கு நாள் மருமகன் பாக்கட்டும்.”