பச்சை வந்த இடம்

ஆய்வுக் குழுவினர் இனி எந்த மென்பொருளில் சேர்ந்து எழுதுவது, பேசிக்கொள்வது என்று முடிவெடுக்கக் கூடியிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த இளம்பரிதி மூன்றைத் திரையில் ஓட்டிக் காட்டினான். முதல் இரண்டையும் பேராசிரியர் திருவேங்கடம் நொட்டை சொல்லித் தள்ளினார். "அப்ப இதுதான் சார். யார் எதை எழுதினாங்கன்னு ஆளுக்கொரு நிறத்துல, முதல்லேருந்து ஓட்டிக் காட்டும்" என்றவன், மாதிரிக்கு அதில் ஏற்கெனவே இருந்த ஒரு கட்டுரையைத் திறந்தான். திருவேங்கடத்துக்கு விருது வாங்கித் தந்த கட்டுரை; அவரும் அவரிடம் ஆய்வு செய்யும் ரெஜினாவும் சேர்ந்து எழுதியது. "நீங்க பச்சை சார், ரெஜினாக்கா நீலம்."

வெள்ளைப் பக்கத்தில் நீலம் ஊரத் தொடங்கியது. எழுதியது, அழித்தது, மறுபடி எழுதியது. மூலையில் தேதி ஓடியது, பொங்கலன்றும் நீலம்தான். திருவேங்கடத்துக்குக் காது சுட்டது. "போதும், நிப்பாட்டுப்பா. புரிஞ்சிடுச்சு." "பச்சை இன்னும் வரலையே சார்" என்றான் இளம்பரிதி, கள்ளமில்லாமல். அறையே பச்சைக்காகக் காத்திருந்தது. கடைசி நாளில் வந்தது. தலைப்புக்குக் கீழே, ரெஜினாவின் பெயருக்கு அடுத்து இருந்த அவர் பெயரைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டுப் போனது.

"முதல்ல ஒண்ணு காட்டினியே, அதையே வச்சுக்கலாம்" என்றார் திருவேங்கடம். அதில் இந்த வசதி கிடையாது.

ரெஜினாதான் நோட்டை மூடிக்கொண்டே சொன்னாள். "ஆமா சார். நமக்கு அதுவே போதும்."

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது திருவேங்கடத்துக்கு.