இருபதுக்கு இருபது

காதில் மிஷின் பொருத்திய பிள்ளைகளுக்கு வருடா வருடம் பரீட்சை. ஸ்பீக்கரில் இருபது முறை சத்தம் வரும்; வரும்போதெல்லாம் டப்பாவில் ஒரு கோலிக்குண்டு போட வேண்டும். பத்தைத் தாண்டினால் சட்டப்படி அது காது கேட்கும் குழந்தை. அதற்குப் பிறகு பள்ளியில் அதற்குச் சைகை மொழி டீச்சர் கிடையாது.

ஏழு வயது மகிழினிக்கு மிஷின் இருந்தும் எதுவும் கேட்காது. நிச்சயம் தோற்றுவிடுவாள் என்ற தைரியத்தில் அம்மா பூங்கோதை எதிரே உட்கார்ந்திருந்தாள்.

மகிழினி இருபதும் போட்டாள்.

"நாளையிலேருந்து டீச்சர் வரமாட்டாங்கம்மா," என்றார் அதிகாரி.

"சார், அவளுக்கு நெஜமாவே கேக்காது சார்."

"கேக்காமத்தான் இருபதும் போட்டாளா? மறுபரீட்சை அடுத்த வருஷம்தான்."

பூங்கோதை விரல்களால் மகளிடம் கேட்டாள், எப்படிடி போட்டாய் என்று.

மகிழினியின் விரல்கள் பெருமையாகப் பதில் சொல்லின: "நீ புருவத்தைத் தூக்குனப்பல்லாம் போட்டேன்மா. நாளைக்கு டீச்சர்கிட்ட சொல்லணும்."