ஓடுகிறவளுக்கு உப்பு

அவர் உப்பு ஜாடியை மூடி அலமாரியில் வைத்தார்.

கையைக் கழுவினார். கொத்தமல்லி கிள்ளினார். கூட்டைக் கிளறினார்.

பிறகு ஜாடியை எடுத்துத் திறந்து, உப்பு போட்டார்.

சமையலறை வாசலில் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த அவளுடைய கை அப்படியே நின்றது.

மாமனார் அவளைப் பார்க்கவில்லை. வழக்கமாக அவள் வரும் நேரத்துக்குச் சாப்பாடு மேசைக்கு வந்திருக்கும். வருகிற ஞாயிறு மாரத்தான் என்பதால் இந்த வாரம் ஓட்டக் குழுவில் தூரத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். சீக்கிரம் வந்துவிட்டாள்.

அவர் கரண்டியைத் தட்டில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார். திரும்பினார்.

மறுபடியும் உப்பு போட்டார்.

அது மூன்றாவது தடவை.

சனிக்கிழமைதோறும் பண்ணையிலிருந்து காய்கறிக் கூடை வரும். ஆனைகட்டி மலையடிவாரத்தில் ஒரு தோட்டம். வருஷத்துக்குப் பணம் கட்டிப் பங்கு சேர்ந்துவிட்டால், மண் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கேட்டு வாங்க முடியாது. இந்த வாரம் நூல்கோல். போன வாரமும் நூல்கோல். அதற்கு முந்தைய வாரம் நூல்கோலோடு கொஞ்சம் முள்ளங்கி வந்தது. அதையே பண்டிகை மாதிரி கொண்டாடினார்கள்.

ஓடுவதற்குச் சத்து வேண்டுமென்று பங்கில் சேர்ந்தது அவள். காயைக் கையில் எடுத்தது அவர்.

மாமியார் போனபிறகு டிவி முன்னால் உட்கார்ந்தவர் அவர். எந்தச் சேனல் ஓடுகிறதென்றுகூடப் பார்க்க மாட்டார். முதல் கூடை வந்த அன்று எழுந்து வந்தார். சுண்டைக்காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். இதை இப்படியா செய்வார்கள் என்று அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார். அன்று நின்றவள்தான். அதன் பிறகு அடுப்புப் பக்கம் அவளுக்கு வேலையில்லை.

அவர் பிரஷர்காரர். தன் பங்கை உப்பில்லாமல் முதலிலேயே எடுத்து வைத்துவிடுவார். மற்றதெல்லாம் அவளுக்கு.

அது கரித்தது. நாளாக ஆகக் கூடுதலாகக் கரித்தது.

நீண்ட தூரம் ஓடிவிட்டு வந்தால் நெற்றியில் உப்புப் பூத்திருக்கும். அந்த நேரத்துக்கு அவர் சமையல் தேவாமிர்தமாக இருந்தது. ஓடுகிறவர்களுக்கு உப்பு வேண்டுமென்று எங்கோ படித்துத் தெரிந்துகொண்டு போடுகிறார் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். அதை அவரிடமும் சொன்னாள். அவர் சிரித்தார். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

ஓசூரிலிருந்து மாதம் ஒருமுறை வரும் கணவன், அப்பா சமையல் வாயில் வைக்க முடியவில்லை என்றான். எனக்காகப் போடுகிறார், உனக்கென்ன வந்தது என்று அவன் வாயை அடைத்தாள். அவன் தயிரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினான்.

அந்தப் பேச்சை நினைக்கும்போது இப்போது தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். திருப்பூரிலிருந்து நாத்தனார் வந்து இறங்குவாள். டாக்டர், மாத்திரை. சமையலுக்கு ஆள். சிலிண்டர் வால்வை மூடிவிட்டுத்தான் அவரைத் தனியாக விடுவார்கள். எதையும் தவறென்று சொல்ல முடியாது.

அவர் டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். இந்த முறை எழுந்து வர மாட்டார்.

அவள் அடுப்பைப் பார்த்தாள். அணைத்திருந்தார். சரியாகத்தான் அணைத்திருந்தார்.

ஷூவைக் கழற்றி, கொஞ்சம் சத்தமாகவே கீழே வைத்தாள்.

"வந்துட்டயா அம்மிணி? நேரத்துலயே வந்துட்ட?"

"இன்னைக்குக் கொஞ்ச தூரந்தானுங்க மாமா."

வியர்க்கவே இல்லை அவளுக்கு. கைகழுவிவிட்டு உட்கார்ந்தாள். அவர் பரிமாறினார். சோற்றோடு பிசைந்து முதல் வாய் வைத்தாள். நாக்கு சுருண்டது. விழுங்கினாள். முகத்தில் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொண்டாள். தண்ணீர் டம்ளரைத் தொடவில்லை.

அவர் உள்ளே போகாமல் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றார்.

"உப்பு சரியா இருக்குதா?"

இதுவரை அவர் கேட்டதே இல்லை.

"இருக்குதுங்க மாமா."

இரண்டாவது வாய். மூன்றாவது வாய்.

"உன்ற ஓட்டம் வர்ற ஞாயித்துக்கெழமையோட முடிஞ்சுருமல்ல?"

நாற்காலியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அவள் அதைப் பார்த்தாள். உடனே தட்டைப் பார்த்தாள்.

"இல்லீங்க மாமா. அடுத்து இன்னொன்னு இருக்குது."

அப்படி எதுவும் இல்லை. இந்த ஒன்றோடு போதுமென்று நேற்றுத்தான் ஓட்டக் குழுவில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அவர் எதிரில் உட்கார்ந்தார். தனக்கென்று எடுத்து வைத்திருந்த கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார். அவளுடைய கூட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மெதுவாக மென்றார். விழுங்கினார்.

தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

அவள் தலை நிமிரவில்லை.

"அப்ப நாளைக்கிருந்து உப்ப மட்டும் நீ போட்டுரு அம்மிணி" என்றார். "காய நான் பாத்துக்கறேன்."