மூலையில் ஒரு சிறகு

சனிக்கிழமை மதியம் இரண்டு நாற்பதுக்கு டிவி திரையில் கல் பூதத்தின் தலை உருண்டது. அவன் மேல் ஒரு கீறல்கூட இல்லை. கன்ட்ரோலரை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அறையில் இருந்த ஒரே ரசிகன், மனைவியின் தம்பி, போனில் கலர் உருண்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அதுக்குப் பேரு கேமா?"

"பொழுது போகுது மாமா."

"பொழுது போகணும்னா சுவத்தைப் பாரு."

விளையாடுகிறவர்களை அவன் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தான். போனில் தேய்க்கிறவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். செட்டிங்ஸைத் திறந்து ஈஸியில் வைத்துக்கொள்கிறவர்கள் கோழைகள். மூன்றாவது வகையில் அவன் இருந்தான். கூட வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

பகலில் இன்சூரன்ஸ் ஆபீசில், வருகிற விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது அவன் வேலை. மாலையில் அதையே இணையத்தில் செய்தான். கேம்களைப் பற்றி ஆறு வருடமாக எழுதும் பக்கம். நாலாயிரம் பேர் படித்தார்கள். செட்டிங்ஸ் பக்கம் நான் தலைவைத்தும் படுத்ததில்லை என்று அதில் மாதம் ஒரு முறையாவது எழுதிவிடுவான்.

போன வாரம் கேம் கடைக்காரரோடு அந்தப் பக்கத்திலேயே வாய்த்தகராறு. அடிபடாமல் கல் பூதத்தைக் கொல்வது நடக்கிற காரியமில்லை என்று அவர் எழுதியிருந்தார். உங்கள் கடையில், உங்கள் மெஷினில், நாலு பேர் முன்னால் செய்து காட்டுகிறேன், முடியாவிட்டால் ஆறு வருடப் பக்கத்தையும் அங்கேயே அழித்துவிடுகிறேன் என்று இவன் பதில் போட்டான். இன்று நாலு மணிக்கு.

மச்சான் எழுந்து வந்து டிவியை உற்றுப் பார்த்தான். மேல் மூலையில் நகத்தளவில் ஒரு வெள்ளைச் சிறகு.

"இது என்ன மாமா?"

"கை தேறினவனுக்குத் தானா வரும். உனக்கு வராது."

இந்தப் பூதம் அவனையும் ஒரு காலத்தில் புரட்டி எடுத்ததுதான். எட்டு மாதத்துக்கு முன்பு, குழந்தை பிறந்த புதிதில், மூன்று வாரம் தோற்றுக்கொண்டே இருந்தான். அவன் போட்ட கூச்சலில் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து கேட்டார். ஒருநாள் வீசிய கன்ட்ரோலர் அலமாரிக் கண்ணாடியைப் பதம் பார்த்தது. அப்புறம் ஒரு திங்கட்கிழமை ஆபீசிலிருந்து வந்து உட்கார்ந்தான். பூதம் நாலாவது அடியில் விழுந்தது. திறமை என்பது உள்ளே ஊறி ஒருநாள் வெளியே வரும் என்று அன்று எழுதிய கட்டுரையைத்தான் அதிகம் பேர் படித்தார்கள்.

மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அவள் வந்து போனில் வீடியோ எடுக்க வேண்டும் என்பது அவன் உத்தரவு.

"இன்னிக்கே போகணுமாங்க? இன்னொரு நாள் வெச்சுக்கலாமே."

"பயமா இருந்தா கண்ணை மூடிக்கோ."

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே, இந்த விஷயத்தில் அவளுக்கு அ, ஆ கூடத் தெரியாது, கை ஆடாமல் எடுத்தால் போதும் என்றான். எடுத்த வாயை அவள் மூடிக்கொண்டாள்.

கடையில் முப்பது பேர் இருந்தார்கள். அவன் ஒரு சுற்றுப் பார்த்தான். முதுகில் பை, மார்பில் கேம் படம். ஒருத்தன் பனியனில் இருந்த டிராகனுக்கு, போட்டிருந்தவனைவிட முதுகு நிமிர்ந்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

வீட்டில் பூதம் ஓங்கிய கை இறங்குவதற்குள் ஒரு வாய் காபி குடிக்கலாம். இங்கே ஓங்கியதே தெரியவில்லை. ஒரே அடி. செத்தான்.

கன்ட்ரோலர் மக்கர் பண்ணுகிறது என்றான். வேறு கொடுத்தார்கள். மறுபடியும் செத்தான். நாற்காலி உயரம் சரியில்லை என்று நின்றுகொண்டே ஆடினான். ஐந்தாவது முறை யாரோ செருமினார்கள். டிராகன்காரன் போனில் அவனுடைய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டான், அது அழிவதை நேரில் பார்க்க.

அவன் திரையை மேலும் கீழும் ஆராய்ந்தான். சட்டென்று முகம் தெளிந்தது.

"என்ன கடை நடத்துறீங்க? மூலையில சிறகே இல்ல. முதல்ல அதைப் போடுங்க."

எந்தச் சிறகு என்று கடைக்காரர் கேட்டார். வெள்ளைச் சிறகு, நகத்தளவு, தன் வீட்டில் எட்டு மாதமாக இருக்கிறது என்று கடைசி வரிசைக்கும் கேட்கும்படி அவன் விளக்கினான். அது தெரியாதவர்கள் கடை வைக்க வந்துவிட்டார்கள் என்றும் சேர்த்துக்கொண்டான்.

கடைக்காரர் செட்டிங்ஸைத் திறந்தார். அந்தப் பக்கத்தை அவன் முதல்முறையாகப் பார்த்தான். ஆக அடியில் வெள்ளைச் சிறகு. பக்கத்தில் 'ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு' என்று இருந்தது.

"இதைத்தான் கேட்டீங்களா சார்?"

சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி முன்னால் வந்தது. தான் அதைத் தொட்டதே இல்லை, சத்தியமாக இல்லை என்றான். வீட்டில் வேறு யார் என்று யோசித்துக்கொண்டே மெதுவாகத் திரும்பினான்.

மனைவி போனை இறக்கியிருந்தாள். இத்தனை சத்தத்திலும் குழந்தை அவள் தோளில் அயர்ந்து தூங்கியது. அதன் முதுகைத் தட்டியபடி, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"பிள்ளை தூங்க வேண்டாமாங்க?"