காவேரிக் கரையில் பாலைவனப் புத்தகம்

"யாருய்யா அந்த ஆளு? பேரைச் சொல்லு!"

மிராசுதார் குஞ்சிதபாதம் போட்ட சத்தத்தில், நூலகத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் எழுந்து போய்விட்டார்கள். கிளை நூலகர் இராஜாங்கத்தால் அப்படிப் போக முடியாது. நூலகக் கட்டிடமே மிராசுதாருடையது.

தப்பு இராஜாங்கத்தின் மேல்தான். வாசகர் கேட்ட புத்தகங்கள் இருக்கின்றனவா என்று தஞ்சாவூர் தலைமை நூலகத்துக்கு எழுதினார், சரி. பதிலைக் கவரில் போட்டு அனுப்புங்கள் என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா? தபால் கார்டில் வந்தது. தபால்காரர் படித்தார். டீக்கடையில் படித்தார்கள். "ஊர்ல யாரோ ஒட்டகம் வாங்கப்போறாங்கடோய்" என்று சிரிப்பு வேறு.

மிராசுதார் சிரிக்கவில்லை. விரல் மடக்கினார்.

"ஒண்ணு, பாலைவனத்துச் செடி கொடி, ஜீவராசிங்க. ரெண்டு, காலடித் தடம் பிடிச்சு மிருகம் போன வழியைக் கண்டுபிடிக்கிறது. மூணு, தீப்பெட்டி இல்லாம தீ மூட்டுறது, தண்ணியில்லாத காட்டுல பிழைக்கிறது. காவேரி பாயிற ஊர்ல எந்த மடையன்யா இதைப் படிக்கிறான்?"

"பொது அறிவுக்காக இருக்குமுங்க ஐயா..."

"போன மாசம் என் வைக்கோல் போர் எரிஞ்சுதே, அதுவும் பொது அறிவா? விவசாயக் கூலிச் சங்கத்து ஆளுங்க ஒளிஞ்சு திரியறதுக்குக் கத்துக்கிறானுவ. குடியிருக்கிற மனைக்குப் பட்டா கொடுன்னு கவர்மெண்டு சட்டம் போட்டாலும் போட்டுது, எவனுக்கும் பயமில்லாமப் போச்சு. அந்த ஆளு மட்டும் என் மனையில குடியிருக்கட்டும், பட்டா மனு விசாரணைக்கு வர்றதுக்குள்ள குடிசையைப் பிரிச்சு எறியறேன்."

இராஜாங்கம் மேசையில் கிடந்த பேப்பரை மடித்து வைத்தார்.

"பேரு சொல்ல மாட்டே? வேணாம். புத்தகத்துப் பேரையெல்லாம் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்குமில்ல, அதை எடுத்து வை. கையெழுத்தைப் பார்த்தே ஆளு யாருன்னு சொல்லிடுவேன். சாயங்காலம் வர்றேன்."

சீட்டு மேசை இழுப்பறையில் இருந்தது. கொண்டுவந்து கொடுத்தவள் செவ்வந்தி. மிராசுதார் மனையில்தான் குடிசை, மிராசுதார் வயலில்தான் நடவு. படிப்பு மூணாங்கிளாஸ். சீட்டிலோ புத்தகப் பெயர்கள் அழகான இங்கிலீஷில், ஒவ்வொன்றின் கீழேயும் முத்து முத்தாகத் தமிழில் விளக்கம். இராஜாங்கத்துக்கும் முதல் நாளே சந்தேகம்தான். அவளிடம் கேட்காமல் விட்டது பயத்தினால். நல்ல மனசு ஒன்றும் இல்லை.

மத்தியானம் செவ்வந்தி முழங்கால் சேற்றோடு வந்து படிக்கு வெளியே நின்றாள்.

"புஸ்தகம் வந்துடுச்சுங்களா சார்?"

"அது கிடக்கட்டும். சீட்டு எழுதினது யாரு? சங்கத்து ரெத்தினமா?"

"அவருக்கும் இதுக்கும் என்ன சார்? எங்க வூட்டுக்காரருக்குத்தான் புஸ்தகம்."

"வீரையனுக்கா? துபாய்ல கட்டட வேலைன்னுதானே போனான்?"

"ஏஜெண்டு அப்படித்தான் சொன்னான். எறங்கினதும் பாலைவனத்துல ஆடு மேய்க்கக் கொண்டுபோய் விட்டுட்டான் பாவி. ஒரு ஆடு தொலைஞ்சா, அது கிடைக்கிறவரைக்கும் சோறு கிடையாதாம்."

"அதுக்குப் புத்தகமா? குளம்படி பார்த்தே யார் வீட்டு மாடுன்னு சொல்றவனாச்சே அவன்."

"சேறு வேற, மணலு வேற சார். காத்து அடிச்சா தடமே இல்லையாம். பாம்பு போன தடம் தெரியாம மிதிச்சு, கூட இருந்த ஒருத்தர் செத்தே போயிட்டாரு. அந்தப் பக்கம் வந்த எண்ணெய்க் கம்பெனி வெள்ளைக்காரரு இந்தப் புஸ்தகமெல்லாம் படிங்கன்னு சொன்னாராம். வேண்டியதை மட்டும் காப்பி எழுதிக் கொடுங்க சார். சேக் தாவூது பாய் அடுத்த வாரம் அங்க போறாரு, கொடுத்தனுப்பிடறேன்."

கதை நன்றாகத்தான் இருந்தது. இராஜாங்கம் நம்பவில்லை.

"வீரையனுக்குத் தன் பேரே எழுத வராது. இங்கிலீஷ்ல எழுதினானாக்கும்? யாருகிட்ட கதை விடுறே?"

செவ்வந்தி தெருவை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

"கூட மேய்க்கிறவரு எழுதினது. அவரு பேரு அடியில இருக்கு. சத்தமாப் படிச்சிடாதீங்க."

இராஜாங்கம் படித்தார். சீட்டில் இருந்த அதே கையெழுத்து. அடியில் இருந்த பேரை இரண்டு தடவை படித்தார்.

"இவனா உன்னை அக்கான்னு எழுதியிருக்கான்?"

"அங்க போனப்புறம்தான் சார் அந்த வார்த்தை வந்துது."

"செவ்வந்தி, இந்தக் கடிதத்தை வெளியில காட்டுறேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், உன் பட்டா நாளைக்கே வீடு தேடி வரும். தெரியுமா?"

"தெரியும் சார். அந்தப் புள்ள கொப்புளக் காலோட அங்க நிக்குது. அதோட மானத்தை வித்தா நான் மனை வாங்கணும்? புஸ்தகம் எப்ப வரும், அதைச் சொல்லுங்க."

சாயங்காலம் மிராசுதார் வந்தார். உட்காரக்கூட இல்லை. கையை நீட்டினார்.

"எங்கய்யா சீட்டு?"

"காணலைங்க ஐயா."

"காணலையா! அப்ப கட்டிடத்தைக் காலி பண்ண எத்தனை நாள் வேணும், அதையாவது சொல்லு."

"மேலிடத்துக்கு எழுதிக் கேக்கறேங்க."

 சீட்டு இராஜாங்கத்தின் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால், மிராசுதார் சொன்ன மாதிரியே ஒரு பார்வையில் ஆளைக் கண்டுபிடித்திருப்பார். 'அன்புள்ள அப்பாவுக்கு, இங்கே ஆபீஸ் வேலை சௌகரியமாக இருக்கிறது' என்று மாசா மாசம் துபாயிலிருந்து அவருக்குக் கடிதம் வருவதும் அந்தக் கையெழுத்தில்தான்.

"நல்லாத் தேடி எடுத்துக் கொடுய்யா!" என்றார் மிராசுதார்.

இராஜாங்கம் கொடுக்கவில்லை.